வரிசை எண்ணிலிருந்து துப்பாக்கியின் தயாரிப்பு ஆண்டு: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது

துப்பாக்கியில் வரிசை எண்ணைத் தொழிற்சாலை தன் கணக்குக்காகத்தான் அடிக்கிறது. ஆண்டைச் சொல்வது அந்த எண்ணின் வேலை அல்ல. அதிலிருந்து ஆண்டை எடுப்பது நாம் செய்யும் வேலை. ஒரே துப்பாக்கிக்குக் குறைந்தது மூன்று தேதிகள் உண்டு. ரிசீவரிலோ (போல்ட் இயங்கும் நடு உடல்) ஃபிரேமிலோ (கைத்துப்பாக்கியின் உடல்) எண் அடித்த நாள் ஒன்று. முழுதாகச் சேர்த்துச் சோதனைச் சுடுதல் முடித்து முத்திரை வாங்கிய நாள் இன்னொன்று. கிடங்கை விட்டு வெளியே போன நாள் மூன்றாவது. இவற்றுக்கிடையே சில வாரமும் ஓடியிருக்கலாம், சில ஆண்டும் ஓடியிருக்கலாம். எண்ணுக்கு ஆண்டு சொல்லும் அட்டவணை இதில் எந்தத் தேதியைத் தருகிறது என்று பார்க்காமல் எண்ணைத் தேடத் தொடங்கினால், கீழே வரும் சிக்கல்களில் பாதி அங்கேயே முளைத்துவிடும்.

வேலைக்கு முன் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். முதலில் மேகஸினைக் கழற்றவும், பிறகு போல்ட்டையோ ஸ்லைடையோ பின்னிழுத்துப் பூட்டவும். தோட்டா அமரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்யவும். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளையும் பாருங்கள். தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

தேவைப்படுபவை: 5 முதல் 10 மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, சிறு டார்ச், பஞ்சுக் குச்சி, துப்பாக்கி எண்ணெய், மென்மையான நைலான் தூரிகை, திருகுத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர், நல்ல கேமரா. எஃகு நார், உப்புத்தாள், துருநீக்கி அமிலம் மூன்றும் வேண்டாம். எண்ணின் விளிம்பைத் தேய்த்துவிட்டால் அது திரும்ப வராது.

எண் கண்ணில் படவில்லை, அல்லது பாதிதான் தெரிகிறது

முதலில் சரியான இடத்தைப் பார்க்கிறீர்களா என்று சரிபாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய ரிவால்வர்களில் எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில், ஃபிரேம் உலோகத்தில் இருக்கும். அடிப்பாகத்தையும் மூடும் பெரிய கிரிப் போட்டிருந்தால் அதைக் கழற்றினால்தான் தெரியும். எம்1 கேரண்ட் ரைஃபிளில் ரிசீவரின் பின்புறக் குதிகாலில் பாருங்கள். எம்1 கார்பைனில் பின்னாளில் பொருத்திய, நகர்த்தக்கூடிய பின் குறிகாட்டி தயாரிப்பாளர் பெயரை மறைத்துக்கொண்டிருக்கும். எண் இருந்தும் யார் செய்தது என்று தெரியாமல் தவிப்பதற்கு அதுவே காரணம்.

இடம் சரி, ஆனால் அழுக்கும் பழைய எண்ணெயும் அடைத்திருக்கிறது என்றால், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு நைலான் தூரிகையால் துடையுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சை உலோகத்தோடு ஏறக்குறைய படுக்கவைத்தாற்போல் பிடித்து நான்கு திசையிலிருந்தும் தனித்தனியாகப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் 3-ம் 8-ம், 1-ம் 7-ம், 6-ம் 5-ம் ஒன்றுபோலத் தெரியும். பக்க வெளிச்சத்தில் பள்ளத்தின் நிழல் விழுந்து வேறுபாடு புலப்படும். அப்போதும் ஓர் இலக்கம் ஐயமாக இருந்தால் இரண்டு வாசிப்பையும் எழுதிவைத்து, இரண்டுக்கும் ஆண்டைத் தேடுங்கள். கடைசி இலக்கத்தில் ஐயம் என்றால் ஆண்டு பெரும்பாலும் மாறாது. முதல் இலக்கத்தில் ஐயம் என்றால் பல பத்தாண்டுகள் மாறிவிடும்.

எவ்வளவு தேடியும் எண்ணே இல்லை என்றால், தொடக்கத்திலிருந்தே இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் வரிசை எண் கட்டாயமானது 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் வந்த மலிவான .22 ரைஃபிள்களும் ஒற்றைக் குழல் ஷாட்கன்களும் ஏராளமாக எண் இல்லாமலே விற்கப்பட்டன. அவற்றுக்கு வயது சொல்ல மாடல் பெயர், பேரலில் (குழலில்) உள்ள முகவரி வாசகம், முத்திரைகள் ஆகியவைதான் வழி.

ஆனால் எண் இருந்த இடம் சற்றே பள்ளமாக, அரத்தின் கோடுகளோடு அல்லது சுற்றியுள்ள உலோகத்தைவிட வேறு நிறத்தில் இருந்தால், அல்லது இலக்கங்களின் ஆழமும் உருவமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். எண்ணை அழித்த துப்பாக்கியை வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேறு பல நாடுகளிலும் சட்டம் அப்படித்தான். தேய்க்கவோ மீட்கவோ முயலாமல், வழக்கறிஞரிடமோ உரிமம் வழங்கும் அதிகாரியிடமோ பேசுங்கள்.

இரண்டு மூன்று எண்கள் இருக்கின்றன. எது உண்மையான எண்?

இந்தக் குழப்பம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில்தான் மிக அதிகம். சிலிண்டரைத் திறந்ததும், அதைத் தாங்கும் கையிலும் ஃபிரேமின் வெட்டிலும் ஓர் எண் தெரியும். பலர் அதைத்தான் வரிசை எண் என்று எடுத்துக்கொண்டு அட்டவணையில் தேடுகிறார்கள். பழைய ரிவால்வர்களில் அது சேர்ப்பு எண். தொழிற்சாலைக்குள் பொருத்திப் பார்த்த பாகங்கள் பாலிஷுக்கும் நிறமேற்றலுக்கும் போய்த் திரும்பும்போது கலந்துவிடாமல் இருக்க அடித்தது. கைப்பிடி அடியில் உள்ள எண்ணும் இதுவும் வேறாக இருந்தால் அடியில் உள்ளதையே எடுங்கள். அந்த வெட்டில் இருக்கும் மாடல் எண் மட்டும் வயதுக்கு உதவும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் எண்களை அடிக்கத் தொடங்கியது 1957-இல். அங்கே "மாடல் 10" என்றோ "10-5" என்றோ இருந்தால் அது 1957-க்கு முந்தையதாக இருக்க முடியாது. கோட்டுக்குப் பின் வரும் இலக்கம் வடிவமைப்பில் வந்த மாற்றத்தைக் குறிக்கும். 10-5 வந்தது 1962-இல்.

இறக்குமதியான இராணுவ ரைஃபிள்களில் இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் பேரலிலோ ரிசீவரிலோ சிறு புள்ளிகளால் பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அதன் அருகே புதிய எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்குத் தயாரிப்பு அட்டவணையில் இடமில்லை.

போல்ட்டில் உள்ள எண் ரிசீவரோடு ஒத்துப்போகவில்லை என்றால், போல்ட் மாறியிருக்கிறது என்பது மட்டுமே பொருள். சோவியத் கிடங்குகளில் பழுதுபார்த்த ஜெர்மன் கார்98கே (Kar98k) ரைஃபிள்களில் பழைய பாக எண்ணைக் கோடிட்டு அடித்து, மின்பேனாவால் புதிய எண் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். வயதைச் சொல்வது ரிசீவர்தான்.

எண் சரி, ஆனால் அட்டவணையில் வேறு மாடலின் ஆண்டு வருகிறது

முன்னொட்டையும் பின்னொட்டையும் விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு அதில்தான் இருக்கும். கோல்ட்டின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். முதல் தலைமுறை 1873-இல் தொடங்கி 1940 வாக்கில் ஏறத்தாழ 357,000-ஐத் தாண்டி நின்றது. 1956-இல் மறுபடி 1-லிருந்து தொடங்கினார்கள், ஆனால் எண்ணுக்குப் பின் "எஸ்ஏ" சேர்த்தார்கள். ஆகவே 12345 என்பது 1870-களின் நடுப்பகுதி. அதே எண்ணுக்குப் பின் எஸ்ஏ இருந்தால் 1950-களின் பிற்பகுதி. இரண்டு எழுத்தை விட்டதில் எண்பது ஆண்டு தவறிப்போகும். மூன்றாம் தலைமுறை 1976-இல் 80000எஸ்ஏ-யிலிருந்து தொடங்கியது. 99,999 முடிந்ததும் எஸ்ஏ முன்னால் வந்துவிட்டது. எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் எண்ணின் பகுதிதான்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் "கே" முன்னொட்டு போருக்குப் பிந்தைய குறிபார்ப்பு ரிவால்வர்களுக்கு. "வி" முன்னொட்டு இரண்டாம் உலகப் போர்க்கால விக்டரி மாடலுக்கு. முன்னொட்டை விட்டுவிட்டு வெறும் எண்ணைத் தேடினால் போருக்கு முந்தைய ஆண்டுதான் வரும்.

ஜெர்மன் இராணுவ ரைஃபிள்களில் நிலைமை இன்னும் கடினம். ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒவ்வோர் ஆண்டும் 1-லிருந்து தொடங்கும். பத்தாயிரத்தை நெருங்கியதும் மறுபடி 1-லிருந்து, இம்முறை எண்ணுக்குப் பின் சிறிய "ஏ". அது முடிந்ததும் "பி". எண்ணை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லவே முடியாது. ரிசீவர் வளையத்தில் உள்ள தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் சேர்ந்தால்தான் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.

வின்செஸ்டர் மாடல் 70-இல் வேறு வகைக் குழப்பம். எண்கள் 581,000 அளவில் நின்று, 1964-இல் புதிய வடிவம் வந்தபோது 700,000-லிருந்து தொடங்கின. இடைப்பட்ட எண்ணைப் படித்திருந்தால் ஓர் இலக்கத்தைத் தவறாக வாசித்திருக்கிறீர்கள். மாடல் 94-இல் 2,700,000-க்கு மேல் என்றால் 1964-க்குப் பிந்தைய வடிவம். இந்த எல்லை விலையையே மாற்றுவதால், இதற்கு அருகில் வரும் எண்களை இரண்டு முறை வாசியுங்கள்.

கணக்குப் போட்டால் அபத்தமான ஆண்டு வருகிறது

சில நிறுவனங்கள் ஆண்டை எண்ணுக்குள்ளேயே பொதிந்து வைத்தன. சூத்திரம் தெரிந்தும் விடை எதிர்காலத்துக்குப் போனால், அந்தச் சூத்திரத்துக்குரிய காலம் தவறியிருக்கிறது.

மார்லினில் 1973-லிருந்து முதல் இரண்டு இலக்கங்களை 2000-லிருந்து கழித்தால் ஆண்டு. 26 என்று தொடங்கினால் 1974. 09 என்றால் 1991. அந்த முன் பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதியவர்களின் கையில் 9-ம் அடுத்த இலக்கமும் சேர்ந்து தொண்ணூறு சொச்சம் ஆகிவிடும், விடை தவறும். 2001-லிருந்து 99, 98 என்று இறங்குமுகம் என்பதால் 2100-லிருந்து கழிக்க வேண்டும்: 95 என்றால் 2005. இனி, 70 என்று தொடங்கும் எண்ணுக்கு இரண்டு சூத்திரமும் உதவாது. 1930 அல்லது 2030 என்று வரும். 1969 முதல் சில ஆண்டுகள் அந்த இலக்கங்களே நேரடியாக ஆண்டு என்பதால் அது 1970. ஆர்எம் முன்னொட்டு இருந்தால் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கிய பிறகு வந்தது.

பிரவுனிங்கில் 1970-களின் நடுவிலிருந்து எண்ணுக்கு இடையில் ஆண்டைச் சொல்லும் இரண்டு எழுத்துகள். இசட் 1, வொய் 2, எக்ஸ் 3, டபிள்யூ 4, வி 5, டி (T) 6, ஆர் 7, பி (P) 8, என் 9, எம் 0. என்எம் என்றால் 90, அதாவது 1990. இசட்எம் என்றால் 10, அதாவது 2010. எஸ், யூ, ஓ, கியூ எழுத்துகள் இந்த வரிசையில் இல்லை. அவை தெரிந்தால் நீங்கள் பார்ப்பது மாடல் குறியை, அல்லது வேறொரு எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

ரெமிங்டனில் எண்ணைவிடப் பேரல்தான் பேசும். ரிசீவருக்கு அருகே பேரலின் இடப்பக்கம் எழுத்துக்குறி இருக்கும். முதல் எழுத்து மாதம்: ஆங்கிலத்தில் பிளாக் பவுடர் என்ற இரு சொற்களை இடைவெளியின்றி எழுதி, கடைசியில் எக்ஸ் சேர்த்தால் பன்னிரண்டு எழுத்துகள் வரும். முதலெழுத்து ஜனவரி, அடுத்த எல் பிப்ரவரி, இப்படியே போய் எக்ஸ் டிசம்பர். அடுத்த எழுத்து ஆண்டு. அது சுழன்று வருவதுதான் தொல்லை. "ஏ" என்பது 1932, 1954, 1980, 2006 ஆகிய நான்கையும் குறிக்கும். இங்கே மாடலின் வரலாற்றைத் துணைக்கு அழையுங்கள். மாடல் 870 ஷாட்கன் 1950-இல் வந்தது. ஆகவே 1932 தள்ளுபடி. பேரல் முனையில் தொழிற்சாலையே மாற்றத்தக்க சோக் (குழல் முனையைக் குறுக்கும் செருகு) போட்டிருந்தால், ரெமிங்டன் அதை 1986-இல்தான் அறிமுகப்படுத்தியது என்பதால் 1954-ம் 1980-ம் போய் 2006 நிற்கும். மாடல் 700 ரைஃபிள் 1962-இல் வந்ததால் அதில் "ஏ" இருந்தால் 1980 அல்லது 2006 மட்டுமே. ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தக் குறி பேரலுக்கு உரியது. 870-இல் பேரலை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

ஆண்டு போலத் தெரிவது ஆண்டாக இல்லை

லூகர் பிஸ்டலின் மேல் மடக்குப் பகுதியில் "42" இருக்கும்; உடனே 1942 என்று முடிவு கட்டிவிடுவார்கள். 42 என்பதும் எஸ்/42 என்பதும் ஓபெர்ன்டோர்ஃப் நகரின் மவுசர் தொழிற்சாலைக்கான மறைகுறி. ஆண்டு தோட்டா அறைக்கு மேலே தனியாக இருக்கும். அதே தொழிற்சாலை பின்னர் பிஒய்எஃப் என்ற குறிக்கு மாறியது; அப்போது "பிஒய்எஃப் 41" என்பதில் உள்ள 41 உண்மையிலேயே ஆண்டு. ஆண்டுக்குப் பதில் "கே" என்ற ஒற்றை எழுத்து இருந்தால் 1934, "ஜி" இருந்தால் 1935. 1936-இலிருந்து நான்கிலக்க ஆண்டு வந்தது.

ஜப்பானியத் துப்பாக்கிகளில் மாடல் பெயரே ஆண்டு போல ஒலிக்கும். டைப் 99 என்பது ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2599, அதாவது 1939-இல் ஏற்ற வடிவம். டைப் 38 மெய்ஜி 38, அதாவது 1905. உங்கள் கையில் உள்ளது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை இவை சொல்வதில்லை. டைப் 14 நம்பு பிஸ்டலில் ஆண்டு உண்டு: ஃபிரேமின் வலப்பக்கப் பின்புறத்தில் ஷோவா காலத்தைக் குறிக்கும் எழுத்தை அடுத்து 18.6 என்பதுபோல இருக்கும். முதல் எண்ணோடு 1925-ஐக் கூட்டுங்கள், அடுத்தது மாதம். 18.6 என்றால் 1943 ஜூன். டைஷோ காலக் குறி என்றால் 1911-ஐக் கூட்ட வேண்டும்.

சோவியத் எஸ்கேஎஸ் கார்பைனின் மூடியில் ஆண்டை அடுத்து ஆங்கில "ஆர்" போன்ற எழுத்து தெரியும். அது ரஷ்ய மொழியில் ஆண்டைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. எண்ணின் பகுதியாக அதைச் சேர்க்கக் கூடாது.

பேரல் ஓர் ஆண்டும் ரிசீவர் வேறோர் ஆண்டும் சொல்கின்றன

இராணுவ ரைஃபிள்களில் இது இயல்பு. எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டில் முன் குறிகாட்டிக்குப் பின்னால் தொழிற்சாலைச் சுருக்கம், எரியும் குண்டுச் சின்னம், மாதமும் ஆண்டும் இருக்கும்: 6-18 என்றால் 1918 ஜூன். வரிசை எண்ணிலிருந்து கிடைத்த ஆண்டோடு அது சில மாதங்களில் ஒத்துப்போனால் பேரல் முதலிலிருந்தே அதோடு இருந்ததாகக் கொள்ளலாம். பல ஆண்டுகள் பிந்தியிருந்தால் பேரல் மாற்றப்பட்டது. கேரண்டில் ஆபரேட்டிங் ராடை (போல்ட்டை இயக்கும் தண்டை) பின்னிழுத்தால் பேரலின் வலப்பக்கத்தில் தேதி தெரியும். 1943-ஆம் ஆண்டு ரிசீவரில் 1950-களின் பேரல் இருப்பது மறுசீரமைப்பின் அடையாளம்.

எம்1903-இல் ஆண்டு என்பது ஆர்வத்துக்கான செய்தி மட்டுமன்று, பாதுகாப்புக்கான செய்தியும்கூட. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆர்செனலில் 285,507-க்குக் கீழும் எண்ணுள்ள ரிசீவர்கள் பழைய வெப்பப் பதப்படுத்தல் முறையில் செய்தவை. உலையின் சூட்டைத் தொழிலாளி கண்ணால் நிறம் பார்த்து மதிப்பிட்டதால் சில ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடாகி, இறுகி நொறுங்கும் தன்மையைப் பெற்றன. எந்த ரிசீவர் அப்படி என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. புதிய பேரல் போட்டிருந்தாலும் ரிசீவர் பழையதுதான். இந்த எண்களுக்குக் கீழே உள்ளதைச் சுட வேண்டாம்.

லீ-என்ஃபீல்டில் "எஃப்டிஆர்" என்ற எழுத்துகளோடு ஓர் ஆண்டு இருந்தால் அது தொழிற்சாலையில் முழுமையாகப் பழுதுபார்த்த ஆண்டு. பிறந்த ஆண்டைப் பின்பக்க மரக்கட்டை இணையும் வளையத்தில் தேடுங்கள்.

மோசின்-நாகந்தில் பேரலின் ஆண்டு மேலே தெரியும். ரிசீவரின் ஆண்டு வால் பகுதியின் அடியில், கட்டையைக் கழற்றினால்தான் தெரியும். பின்லாந்தின் எம்39 ரைஃபிள்கள் பழைய ரஷ்ய ரிசீவர்களில் புதுப் பேரல் பூட்டிச் செய்யப்பட்டவை. மேலே 1941 என்றும் அடியில் 1890-களின் ஆண்டும் இருக்கக்கூடும். அமெரிக்கச் சட்டத்தில் 1898-இலோ அதற்கு முன்போ செய்தவை பழம்பொருள் என்ற தனி வகையில் சேர்வதால், இந்த அடிப்பக்க ஆண்டுக்கு உண்மையான எடை உண்டு. அடியில் உள்ளதைப் படம் எடுத்துவைத்த பின் கட்டையைப் பூட்டுங்கள்.

எண்ணுக்கு அட்டவணையே இல்லை

ஐரோப்பியத் துப்பாக்கி என்றால் சோதனைச் சாலை முத்திரை கைகொடுக்கும். என் கணிப்பில் இது வரிசை எண்ணைவிடவும் நம்பத்தக்க சான்று. ஏனெனில் அதை அடித்தது விற்பவர் அல்லர், வெளியார். இத்தாலியத் துப்பாக்கிகளில் சிறு சதுரத்துக்குள் குறி இருக்கும். 1974 வரை ரோமன் எண்கள்: பத்து 1954, இருபது 1964, முப்பது 1974. 1975-இலிருந்து இரண்டு எழுத்துகள்: ஏஏ 1975, ஏஇசட் 1990, பிஏ 1991, சிஏ 2006. இடையில் பல எழுத்துகள் விடுபடுவதால் அகர வரிசையில் விரல் மடக்கி எண்ணக் கூடாது. ஏ தொடரில் பதினாறு எழுத்துகள்தான் பயன்பட்டன.

போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மன் துப்பாக்கிகளில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் எழுத்துகளாக இருக்கும்: ஏ 0, பி (B) 1 என்று தொடங்கி ஐ 8, கே 9 என முடியும், ஜே இல்லை. கேஏ என்றால் 90, ஐசி என்றால் 82. அருகிலேயே சோதனைச் சாலையின் சின்னம் இருக்கும்: மான் கொம்பு என்றால் உல்ம் நகர். ரூகர் துப்பாக்கியில் அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டில் செய்தது என்ற வாசகம் இருந்தால் 1976. வேறு எதையும் தேட வேண்டாம்.

அட்டவணை ஓர் ஆண்டு, நிறுவனக் கடிதம் வேறோர் ஆண்டு

கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தம் ஆவணங்களிலிருந்து தரும் கடிதங்கள் அனுப்பிய நாளைச் சொல்பவை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எண் வரிசைப்படி அனுப்பியதே இல்லை. கிடங்கின் அடியில் போனது பல ஆண்டு கழித்தும் வெளியே வரலாம். ஆகவே கடிதத்தின் ஆண்டு பிந்தியிருந்தால் அட்டவணை தவறு என்று ஆகாது. கடிதத்தின் ஆண்டு அட்டவணையைவிட முந்தியிருந்தால் மட்டும் ஏதோ ஒன்று பிழை. எண்ணை மறுபடி வாசியுங்கள்.

வின்செஸ்டரில் இரண்டு அட்டவணைகள் புழங்குகின்றன. ஒன்று பழைய நூல்களில் வந்த தோராயம். மற்றது பாலிஷ் அறையில் எண் அடித்த பதிவேட்டிலிருந்து எடுத்தது. இரண்டும் சில ஆண்டுகள் வேறுபடும்; பதிவேட்டைப் பின்பற்றுங்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரின் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் மூலப் பேரேடுகள் உள்ளன. மாடல் 1894-க்கு 353,999 வரையிலான எண்களுக்கு அங்கே கடிதம் பெறலாம்.

கண்டறிந்ததை எழுதும்போது ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். ரிசீவர் எண் முன்னொட்டோடும் பின்னொட்டோடும், பேரல் குறி, முத்திரைகள், எந்த அட்டவணை, அது எந்தத் தேதியைத் தருவது என்று சேர்த்து எழுதி, படங்களோடு வையுங்கள். விற்கும்போதோ காப்பீட்டுக்கோ உரிமத்துக்கோ யாராவது கேட்டால் முழுச் சங்கிலியையும் காட்டலாம்.